முப்பது ஆணிப் பலகை

போன மாதம் வரை என் வீட்டு வாசற்கதவை ஒட்டிய சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருந்தது. ஒன்றரை முழ நீளம், பத்து ஆணி. ஒவ்வோர் ஆணிக்கு மேலேயும் பெயிண்டில் ஒரு சின்னப் படம்: கிளி, மீன், பம்பரம், மணி, கத்தரிக்காய் என்று. வரைந்தவருக்குப் படம் வரைய வராது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கிளி கோழி மாதிரி இருக்கும். கத்தரிக்காயைப் பார்த்து எலி என்று சொன்னவர்களும் உண்டு. பலகையின் ஒரு முனை இழைத்து வழவழப்பாக இருக்கும்; மறுமுனை ரம்பத்தால் அறுத்த கரடுமுரடு. அறுத்த முனையில் இருக்கும் படம் குடை. ரம்பம் அதன் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டதால் குடைக்கு ஒரு பக்கம் முழுசு, மறுபக்கம் மொட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள், "இவ்ளோ செலவு பண்ணி வீடு கட்டிட்டு, வாசல்லயே இந்த உடைசலை மாட்டி வெச்சிருக்கீங்களே" என்பார்கள். நான் சாவிக்கொத்தைக் குடை ஆணியில் மாட்டிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவேன். எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இப்போது பலகை அந்தச் சுவரில் இல்லை, அதனால் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பலகை டீச்சருடையது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த நீளக் கூடம் ஒன்றில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டார். அரசாங்கத் தாளில் அதற்குப் பெயர் பால்வாடி. ஊரில் அதற்குப் பெயர் டீச்சர் கூடம். மிஷன் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தவர். ஒல்லி, உயரம், மெல்லிய கரை போட்ட வெள்ளைப் புடவை, கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். குழந்தைகளை அவர் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. கண்ணே, மணியே, செல்லமே எதுவும் வாயில் வராது. ஆறு மாதக் குழந்தையிடமும் பத்தாம் வகுப்புப் பையனிடம் பேசுவது போலத்தான் பேசுவார்: "எதுக்கு அழற? காரணத்தைச் சொல்லு." ஆனால் மணிக்கு ஒருமுறை எழுந்து, கூடத்தில் இருக்கும் ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ணுவார். தூங்குகிற குழந்தையின் தலையை மட்டும் ஒற்றை விரலால் தொடுவார். முப்பது வந்தால்தான் உட்காருவார். கொஞ்சத் தெரியாதவருக்கு அதுதான் கொஞ்சல் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

அறுபதுகளின் கடைசியில் நான் எழும்பூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ டைப்பிஸ்ட். குழந்தைகள் நலத்துக்கு மானியம் கொடுப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. அதாவது, கொடுக்காமல் இருப்பதற்கான காரணங்களைத் தேடுவது. கல்யாணமான புதிதில் ஒருநாள், பால்வாடிகளுக்கு அனுப்ப வேண்டிய சுற்றறிக்கை ஒன்றை ஸ்டென்சிலில் அடித்தேன். "மானியம் பெறும் நிலையத்தில் மூன்று வயது நிறைந்த, ஐந்து வயது மிகாத குழந்தைகளை மட்டுமே வைத்திருத்தல் வேண்டும்" என்று அதில் ஒரு வரி. வேகமாக, ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். வழக்கப்படி இடது பக்கக் கீழ்மூலையில் என் பெயரின் இரண்டு எழுத்துகளையும் போட்டேன். யார் அடித்தது என்று நாளைக்குக் கேள்வி வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக டைப்பிஸ்ட்கள் போடுகிற எழுத்து அது. அந்த வரியை நான் அடித்தேனே தவிர படிக்கவில்லை. டைப்பிஸ்ட் யாரும் படிப்பதில்லை.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். பிரசவ லீவு மூன்று மாதம், அதோடு கெஞ்சி வாங்கிய சம்பளமில்லாத லீவு கொஞ்சம். அதற்குமேல் ஒருநாள் எடுத்தாலும் வேலை போய்விடும். நான் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. கணவருக்குக் குண்டக்கல்லில் ரயில்வே உத்தியோகம், மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவார். அம்மா காலமாகிவிட்டாள். மாமியார் மூத்த பிள்ளையோடு கும்பகோணத்தில் இருந்துகொண்டு, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை வளர்க்கிற வழியைப் பார் என்று வாரம் ஓர் இன்லண்ட் லெட்டர் போடுவார். வேலையை விட எனக்கு மனசில்லை. இதைச் சொல்ல அந்தக் காலத்தில் கூச்சப்பட்டேன், இப்போது படவில்லை. என் சம்பாத்தியம், என் ரயில் பாஸ், ஏழு ஐம்பத்திரண்டு மின்சார ரயிலில் ஜன்னலோரம் என் இடம், எல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. பெண்ணும் வேண்டியிருந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் கூடத்துக்குப் போனேன். எங்கே வேலை என்று கேட்டார். அலுவலகத்தின் பெயரைச் சொன்னதும் எழுந்து போய், சுவரில் குண்டூசி குத்தி வைத்திருந்த ஒரு தாளை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். என் சுற்றறிக்கை. நீண்ட விரலால் கீழ்மூலையைத் தொட்டு, "இந்த ரெண்டு எழுத்து யாரோடது?" என்றார்.

"என்னுதுதான் டீச்சர்."

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, குழந்தையைக் குடு. இவளோட சேர்த்துப் பத்துக் குற்றவாளிங்க இருக்காங்க இங்க" என்றார். உள்ளே வரிசையாக ஒன்பது தூளிகள் தொங்கின. சானடோரியத்தில் நர்ஸ் வேலை பார்ப்பவளின் பிள்ளை, அனகாபுத்தூரில் தறி நெய்கிறவளின் இரட்டைக் குழந்தைகள், பம்மல் குவாரியில் கல் உடைக்கிற அக்காவின் கைக்குழந்தை, இன்னும் சிலர். மூன்று வயது நிறைந்த இருபது பிள்ளைகளுக்காகத்தான் மானியம் வந்தது. ஆயாவின் சம்பளம், பால் பவுடர், கோதுமை ரவை எல்லாம் அதிலிருந்துதான். அந்த இருபது பேரோடு பேராகப் பத்துத் தூளியும் ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் பச்சைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து, சுவரின் நீளப் பலகையில் காலியாக இருந்த ஓர் ஆணிக்கு மேல், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு குடை வரைந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் தன் பை எது என்று தெரிந்துகொள்ளத்தான் படம். என் பெண்ணின் பை அன்று முதல் குடையில் தொங்கியது.

எங்கள் அலுவலகத்தில் ஆய்வுக்குப் போகிறவர் எங்கள் மேடம். கஞ்சி போட்ட கைத்தறிப் புடவை, தோல் பை, யாரையும் உட்காரச் சொல்லாத சுபாவம். அவர் எந்த நாள் எந்த ஊருக்கு ஆய்வுக்குப் போகிறார் என்கிற டூர் புரோகிராமை நான்தான் டைப் அடிப்பேன். அது ரகசியம், வெளியே விடக் கூடாது. அந்தத் தாளில் "தாம்பரம்" என்ற வார்த்தையை என் விரல் அடித்த அன்று மாலை, ரயிலிலிருந்து இறங்கி நேரே கூடத்துக்கு ஓடினேன். செய்தது தப்புதான். இன்னொரு தடவை அந்த நிலைமை வந்தாலும் அதைத்தான் செய்வேன். சர்ச்சில் மணியடிப்பவரின் வீடு கூடத்துக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருந்தது. மேடம் வருகிற நேரத்துக்குப் பத்துக் குழந்தைகளையும் ஆயா அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னேன். டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "ஒளிச்சு வைக்கிறதுக்கு இது என்ன சாராயமா?" என்றார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். நான் அழுதுவிட்டேன். குழந்தைக்கு இந்த இடம் போனால் எனக்கு வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில், "உனக்காக. ஒரே ஒரு தடவை" என்றார்.

ஆய்வு நாள் காலையில் மேடம் ஜீப்பில் ஏறப்போனவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ தாம்பரம்தானே? நோட்டை எடுத்துக்கிட்டு வா. அங்கேயே சொல்லிடறேன், எழுதிக்கலாம்" என்றார். கிண்டி, மீனம்பாக்கம், பல்லாவரம் என்று ஜீப் போகப் போக நான் கும்பிடாத சாமி இல்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் டீச்சர் என்னை முன்பின் பார்த்திராதவர் போல வணக்கம் சொன்னார். கணக்கு டீச்சருக்கு நடிப்பு சுத்தமாக வரவில்லை. முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. இருபது பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தூளிகள் அவிழ்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தன. ரிஜிஸ்டர் சரியாக இருந்தது. மேடம் தலைகளை எண்ணினார், இருபது. திருப்தியோடு திரும்பியவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

நீளப் பலகையில் முப்பது பைகள் தொங்கின. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் பைகளை யாரும் எடுக்கவில்லை. மணிக்கொரு தரம் தலையை எண்ணுகிற டீச்சருக்கும் தோன்றவில்லை, ராத்திரி முழுவதும் தூங்காமல் திட்டம் போட்ட எனக்கும் தோன்றவில்லை. மேடம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துபோய், ஒவ்வொரு பையாக எண்ணினார். குடையில் தொங்கிய பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே பால் புகட்டும் பாலாடையும் நாலாக மடித்த இடுப்புத் துணியும். "மூணு வயசுப் பிள்ளைக்குப் பாலாடை எதுக்கு?" என்றார்.

அப்போது பின்வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. பத்துக் குழந்தைகள் இருந்தால் என்ன, இது என் பெண்ணின் குரல் என்று எனக்குத் தெரியாதா? பதினொரு மணி, அவளுக்குப் பசிக்கிற நேரம். அலுவலகத்தில் இருந்தால் அந்த நேரத்தில் மாரைக் கையால் அழுத்திக்கொண்டு டைப் அடிப்பேன். இங்கே சத்தம் காதில் விழுந்ததும் என் ரவிக்கை நனைந்துவிட்டது. பெற்றவர்களுக்குத் தெரியும், அதை நிறுத்த முடியாது. நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேடம், "எழுது" என்றார். எழுத வேண்டுமானால் நோட்டை இறக்க வேண்டும். நான் இறக்கவில்லை. "என்ன நின்னுக்கிட்டிருக்க? எழுதுன்னு சொன்னேன்." அழுகை கூடிக்கொண்டே போனது. நானும் மரம் மாதிரி நின்றேன்.

டீச்சர் பின்கதவைத் திறந்துகொண்டு போனார். திரும்பி வரும்போது இடுப்பில் என் பெண். பின்னாலேயே ஆயா, இரண்டு கையிலும் இரட்டைக் குழந்தைகளோடு, "அல்லாம் முழிச்சிகினு கீதுங்க டீச்சரம்மா, இன்னா பண்றது" என்று புலம்பிக்கொண்டு வந்தாள். டீச்சர் நேரே என்னிடம் வந்து, கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி ஜன்னல் மேல் வைத்து, குழந்தையை என்னிடம் கொடுத்தார்.

"முதல்ல பால் குடு. அப்புறம் எழுது."

பிறகு மேடத்தைப் பார்த்து, "இன்னும் பத்துப் பேர் இருக்காங்க மேடம். ஒளிச்சு வெச்சது என் தப்பு. இவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். நான் பாயில் ஒரு மூலையில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தேன். என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பயத்தைவிட வெட்கமும், வெட்கத்தைவிட நிம்மதியும் அதிகமாக இருந்தது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை குடித்து முடித்துத் தோளில் ஏப்பம் விட்ட பிறகுதான் திரும்பினார். "ஆச்சா? எழுது."

எழுதினேன். மூன்று வயதுக்குக் குறைந்த பத்துக் குழந்தைகள் விதிக்குப் புறம்பாக இருந்ததையும், ஆய்வு நேரத்தில் வேறிடத்தில் மறைக்கப்பட்டதையும் மேடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்ல, என் குற்றத்தை நானே சுருக்கெழுத்தில் எழுதினேன். கடைசியில் குரலை மாற்றாமல், "இத்தாய்மார் வேலைக்குச் செல்பவர்களாதலால், வயது வரம்பைத் தளர்த்துவது பற்றி அரசு பரிசீலிக்கலாம்" என்று ஒரு வரி சொன்னார். திரும்பி வருகையில் ஜீப் பல்லாவரம் தாண்டியது. அப்புறம், "இனிமே டூர் புரோகிராமை நானே கையால எழுதிக்கறேன்" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அறிக்கை மேலே போனது. நானே அதை டைப் அடித்தேன், இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டு. மூலையில் என் இரண்டு எழுத்தையும் போட்டேன். பதில் வர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் என் மேஜை டிராயரில் ஒரு ராஜினாமாக் கடிதம் அடித்துத் தயாராக இருந்தது. டீச்சரிடம் சொன்னேன். "வெச்சுக்கோ. தேதி மட்டும் போடாதே" என்றார்.

பதில் வந்தது. தற்போதுள்ள விதிகளில் இடமில்லை. மானியம் பெறும் நிலையத்தில் மூன்று வயதுக்குக் குறைந்தோரை வைத்திருத்தல் கூடாது. ஒரு மாதத்துக்குள் அகற்றாவிடில் மானியம் நிறுத்தப்படும். அன்று மாலை குழந்தைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்களுக்கு அதை உரக்கப் படித்துச் சொன்னேன். கல் உடைக்கிற அக்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இன்னா டீச்சர், மூணு வயசு ஆவாங்காட்டி கெவுருமெண்டு கண்ணுக்குப் புள்ளையே தெரியாதா?" என்று கேட்டாள். குழந்தையைக் குவாரிக்குத் தூக்கிக்கொண்டு போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. வெடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், வேலிக்காத்தான் மரத்தில் தூளி கட்ட வேண்டும். எனக்காவது டிராயரில் ஒரு கடிதம் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

டீச்சர் என்னை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை, மெதுவாக, என்றார். மூன்றாம் முறை, "மானியம் பெறும் நிலையத்தில்" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். கரும்பலகையில் கணக்கு பிடிபட்டவர் முகம். "பக்கத்துல மானியம் வாங்காத நிலையம் ஒண்ணு இருந்தா, அதுல யாரை வெச்சுக்கலாம்னு இதுல ஏதாவது சொல்லியிருக்கா?" இல்லை என்றேன். "அப்ப நமக்கு ரெண்டு நிலையம்" என்றார். சனிக்கிழமை மத்தியானம் சர்ச் பெஞ்சு ரிப்பேர் பண்ணுகிற ஆசாரியை வரவழைத்தார். தாய்மார் ஆளுக்கொரு பழைய புடவை கொண்டுவந்தோம். என் நீல வாயில் புடவையும் அதில் உண்டு. கூடத்தின் குறுக்கே கயிறு கட்டிப் புடவைகளை வரிசையாகப் போட்டோம். அந்தப் பக்கம் பால்வாடி. இந்தப் பக்கம், அட்டையில் டீச்சர் எழுதித் தொங்கவிட்டது போல, "தாய்மார் தொட்டில் நிலையம் (மானியம் பெறாதது)". அதற்கென்று ஆகிற பாலையும் ஆள் கூலியையும் நாங்கள் பத்துப் பேர் எங்களுக்குள் பார்த்துக்கொண்டோம்.

பலகை பாக்கி இருந்தது. ஒரே பலகையில் முப்பது பை தொங்கினால் மறுபடி எவராவது எண்ணுவார் என்று டீச்சருக்குக் கவலை. ஒருதடவை பட்டது போதும் என்றார். இருபது ஆணி விட்டு ஆசாரி பென்சிலில் கோடு போட்டார். கோடு குடையின் ஓரத்தில் போய் விழுந்தது. அம்மா, படம் வெட்டுப்படுதே என்று அவர் தயங்க, "போகட்டும். மழை வந்தா ஒரு பக்கம் நனையட்டும்" என்றார் டீச்சர். ரம்பம் ஓடிய சத்தத்தில் பத்துத் தூளியும் ஒரே சமயத்தில் விழித்து அழுதன. ஒவ்வொரு தூளியாகப் போய், எதுக்கு அழற, காரணத்தைச் சொல்லு என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. தாளை அவரே கையால் எழுதியிருந்தார். தாம்பரம் திரும்பியபோதுதான் தெரிந்தது. கூடத்துக்குள் வந்து புடவைத் திரையைப் பார்த்தார். இரண்டு பலகைகளையும் பார்த்தார். அட்டையை அடைப்புக்குறி வரை படித்தார். பெரிய பலகையில் இருபது பைகளை எண்ணி, பாயில் இருபது தலைகளை எண்ணினார். அந்த நேரம் பார்த்து என் நீலப் புடவை அசைந்தது. அடியிலிருந்து என் பெண் தவழ்ந்து வந்தாள். வந்தவள் என்னிடம் வந்தாளா? நேரே மேடத்தின் காலடிக்குப் போய், கஞ்சி மடிப்புப் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அதுதான் அவள் முதல்முறை எழுந்து நின்றது.

மேடம் குனிந்து பார்த்தார். "இது எந்த நிலையத்தைச் சேர்ந்தது?"

"பக்கத்து நிலையம் மேடம்," என்றார் டீச்சர். "விசிட்டுக்கு வந்திருக்கு."

மேடம் காலை நகர்த்தவில்லை. நகர்த்தினால் குழந்தை விழுந்துவிடும். அசையாமல் நின்றபடி, என் பக்கம் பார்க்காமல், "எழுது. இரு நிலையங்களும் தனித்தனியே இயங்குகின்றன. குறை எதுவும் இல்லை" என்றார். நான் எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது, டீச்சர் ரிஜிஸ்டரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். ரிஜிஸ்டர் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்ன இரண்டாவது சிரிப்பு அதுதான். அன்று சாயங்காலம் அலுவலகத்தில் டிராயரைத் திறந்து, தேதி போடாத கடிதத்தை எடுத்துக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

பெண்ணுக்கு மூன்று வயது நிறைந்த அன்று அவளைத் திரைக்கு அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். பையைப் பெரிய பலகைக்கு மாற்றப்போனால், குடை இல்லாமல் வரமாட்டேன் என்று தரையில் விழுந்து புரண்டாள். டீச்சர் மறுபேச்சு பேசாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். "இங்க முழுக்குடையாவே வரைஞ்சு தரேன், எழுந்திரு." அவளுடைய பழைய அரைக்குடையில் மறுநாளே இன்னொரு கைக்குழந்தையின் பை தொங்கியது. அந்தத் திரை எழுபதுகள் நெடுகத் தொங்கியது. விதிகள் பிற்பாடு மாறின. மேடம் மாற்றலாகிப் போனார். நான் பர்மனென்ட் ஆகி, மேலே மேலே போய், ஓய்வும் பெற்றேன். டீச்சர் காலமாகி, கூடத்தை இடித்துக் கட்டியபோது, அந்த ஆயாதான் சின்னப் பலகையை விறகுக் குவியலிலிருந்து உருவி எடுத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

என் பெண்ணுக்கு இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய உத்தியோகம். ஊழியர்களுக்கான விதிமுறைகளை எழுதுவது அவள் வேலை. போன மாதம் என் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஆபீஸ் குழந்தைகள் காப்பகத்துக்கான விதியை அடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் பின்னால் நின்று படித்தேன். ஆறு மாதத்திலிருந்தே சேர்க்கலாம் என்று இருந்தது. எனக்குச் சந்தோஷம். அடுத்த வரியில், கம்பெனியின் நேரடி ஊழியர்களுக்கு மட்டும் என்று இருந்தது.

"கூட்டிப் பெருக்கறவங்க பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"அவங்க கான்ட்ராக்ட்மா. பாலிசில வராது. எனக்கே தெரியும், ஒரு அக்கா பெரும்பாக்கத்துல இருந்து வராங்க. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, மணிக்கு ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆனா நான் என்ன பண்ண? மேல ஒத்துக்கணுமே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள் மேல்தானா என்று தெரியவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி விரல் ஓட்டத்தில் ஒரு வரியை அடித்தவள்தானே. வாசலுக்குப் போய், சாவிக்கொத்தை எடுத்துவிட்டு, பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து லேப்டாப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்குக் கதை முழுவதும் தெரியும். அறுத்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். காலையில் போகும்போது பலகையைக் காரின் பின்சீட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். சாவி இப்போது ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது, தினமும் தேடுகிறேன்.

நேற்று மத்தியானம் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஆபீஸ் காப்பகத்தின் புத்தம்புதுச் சுவரில் பழைய பலகை. ஒன்பது ஆணிகள் காலி. குடை ஆணியில் ஒரு பச்சை வயர் கூடை, அதன் விளிம்பில் குழந்தைத் துணி எட்டிப் பார்த்தது. கூப்பிட்டு, யாருடையது என்று கேட்டேன்.

"அந்தப் பெரும்பாக்கம் அக்காவோட பாப்பா. எட்டு மாசம். பாலிசி இன்னும் மேலதான்மா இருக்கு, ஓகே ஆகல," என்றாள். "முதல்ல குழந்தை வரட்டும், அப்புறம் எழுதிக்கலாம்னுட்டேன்."